பச்சை அஞ்சல் பெட்டி

விச்சிட்டா
3 பிப்ரவரி 1984

டெல்,

நீ அனுப்பிய மூன்று கேசட்டுகளும் வந்தன. முதலாவதில் பாதி கேட்டேன். உங்கள் வானொலிப் போதகர் க்ரோவ் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. கோதுமை விலை இறங்கினால் யூதர்கள். மழை பெய்யாவிட்டால் யூதர்கள். விட்டால் என் முழங்கால் வலிக்குக்கூட அவர்கள்தான் காரணம் என்பான் போலிருந்தது. நிறுத்திவிட்டேன். கேசட்டுகளை அழித்துவிட்டு மேலே பாட்டு பதிவு செய்துகொள்ளப் போகிறேன். அக்கா இப்படித்தான் என்று உனக்குத் தெரியும்.

எழுதுவது வேறு காரியத்துக்காக. நம் ஊர் கால்நடை டாக்டர் சால் வெக்ஸ்லர் இங்கே நான் நர்ஸாக இருக்கும் வார்டில் இருக்கிறார். இதயத்தில் அறுவை சிகிச்சை, வரும் வியாழக்கிழமை. கட்டிலில் தொங்கிய பெயரைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் நின்றேன். அந்த மார்ச் பனிப்புயலில் இரண்டு நாள் நம் தொழுவத்திலேயே கிடந்து பிரசவம் பார்த்துப் பதினேழு கன்றுகளை இழுத்துப் போட்ட மனிதர். அப்பா தன் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுச் சமையலறையில் படுத்தார். அப்பா அப்படி வேறு யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை.

ஹெலன் வீட்டில் தனியாக இருக்கிறார். கிளினிக்கில் மிருகங்கள் கிடப்பதால் வியாழன் காலைக்கு முன் கிளம்ப முடியாதாம். போனில் குரலே இல்லை. சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். பேச்சை மாற்றினார்.

இத்துடன் ஒரு ஜெப அட்டை வைத்திருக்கிறேன். உன் வானொலி நிலையத்தின் புதன்கிழமை நண்பகல் ஜெப நேரத்தில் சேர்த்துவிடு. அவர்கள் யூதர்கள், நம் சபை இல்லை என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அம்மா படுத்திருந்தபோது வானொலியில் பெயர் வாசித்த அன்றே பதினோரு வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. ஹெலனுக்கு நாலு வீட்டிலிருந்தாவது வரட்டும். அதனால்தான் வழியை விவரமாக எழுதியிருக்கிறேன்.

ட்வைலாவுக்கு என் அன்பு. உன்னைக் கட்டிக்கொண்டு அவள் எப்படித்தான் காலம் தள்ளுகிறாளோ.

லோயிஸ்

(அட்டை)
சால் வெக்ஸ்லர், கால்நடை டாக்டர், ப்ளம் ஃபோர்க். வியாழன் இதய அறுவை. மனைவி ஹெலன் வீட்டில் தனியாக. பழைய ஆலைச் சாலை, பச்சை அஞ்சல் பெட்டி. முன்வழியைப் பனி மூடியிருந்தால் பின்பக்கம் கிளினிக் வழியாகப் போகலாம். அந்தக் கதவு பூட்டுவதில்லை.


விச்சிட்டா
10 பிப்ரவரி

டெல்,

ஆறு முறை போன் செய்துவிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நீ அதன் பக்கத்தில் நின்றுகொண்டு அது ஓய்வதற்காகக் காத்திருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். கிளினிக் எரிந்துவிட்டது. புதன் மாலை ஆறரை மணி. பின்கதவு வழியாக வந்து பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள்.

ஹெலனை நேற்று காலை இங்கே கொண்டு வந்தார்கள். இரண்டு கைகளும், முழங்கை வரை. கூண்டுகளின் தாழ்ப்பாள் இரும்பு. நெருப்பில் காய்ந்திருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்திருக்கிறார். நான்கு நாய்கள் வெளியே வந்தன. பதினொன்று வரவில்லை.

மூன்றாம் மாடியில் டாக்டருக்கு நெஞ்சைத் திறந்துகொண்டிருந்தார்கள். முதல் மாடியில் ஹெலனுக்குக் கைத்தோலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். டாக்டருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

ட்வைலா நேற்று போன் செய்தாள். அந்த க்ரோவ் வானொலியில் என்ன சொன்னான் என்று சொன்னாள். சொல்லும்போதே இரண்டு தடவை நிறுத்தினாள்.

அட்டையை அவனிடம் கொடுத்தது நீயா? அவன் வாசிக்கும்போது நீ கட்டுப்பாட்டு அறையில் இருந்தாயா? இருந்தால் என்ன செய்துகொண்டிருந்தாய்?

பதில் எழுது.

லோயிஸ்


ப்ளம் ஃபோர்க்
14 பிப்ரவரி

அக்கா,

நடந்ததற்கு வருத்தப்படுகிறேன். இங்கே எல்லோரும் வருத்தப்படுகிறோம். போதகர் ஞாயிறு ஆராதனையில் ஹெலன் வெக்ஸ்லரின் பெயரைச் சொல்லியே ஜெபித்தார். உங்கள் விச்சிட்டா பத்திரிகைகள் அதை எழுதாது.

ஆமாம், அட்டையை நான்தான் ஜெபப் பெட்டியில் போட்டேன். நீ போடச் சொன்னாய். ஆமாம், நான் அறையில் இருந்தேன். அது என் வேலை. அவர் அட்டையில் இருந்ததை வாசித்தார். கூட நாலு வார்த்தை சொன்னார். எப்போதும் சொல்வதுதான். தீ வைத்தது ரெக்ஸ் டில்மன். குடித்திருந்தான். ஷெரீஃப் அவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார். ஒரு குடிகாரன் செய்ததற்கு வானொலி என்ன செய்யும்?

நீ எழுதியதில் உன் குரல் எனக்குக் கேட்டது. சிறு வயதிலிருந்து அதே குரல். விசாரிக்கும் குரல்.

அப்பாவின் நிலம் ஏலம் போன அன்று நீ வரவில்லை. உனக்கு வேலை இருந்தது. நான் நீதிமன்றப் படிக்கட்டில் நின்றேன். பதினைந்து நிமிடம் ஆனது. மூன்று தலைமுறை, பதினைந்து நிமிடம். முடிந்ததும் எல்லோரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு காபி குடிக்கப் போனார்கள். யார் இதைச் செய்தது என்று வங்கியில் கேட்டேன். மேலிடம் என்றார்கள். மேலிடத்துக்கு எழுதினேன். வட்டி விகிதம் என்று பதில் வந்தது. வட்டி விகிதத்தை நான் எங்கே போய்ப் பார்ப்பது?

போதகர் க்ரோவ் ஒருத்தர்தான் சொன்னார், யாரோ செய்தார்கள் என்று. அதற்கு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது என்று. அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்றால்

விடு. உனக்குப் புரியாது.

ஒன்று மட்டும். ஷெரீஃபின் ஆட்கள் உன்னிடமும் வருவார்கள். அந்த அட்டையை நீ எழுதினாய் என்று நீயாகச் சொல்ல வேண்டாம். அட்டை இப்போது இல்லை. நோயாளியைப் பற்றி வெளியே எழுதினாய் என்று தெரிந்தால் ஆஸ்பத்திரியில் உன்னை வைத்திருக்க மாட்டார்கள். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

டெல்


விச்சிட்டா
18 பிப்ரவரி

டெல்,

அட்டை இப்போது இல்லை. எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். கிழித்தாயா, எரித்தாயா? எரிப்பது இப்போது உங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டது.

நிலத்தைப் பற்றி எழுதினாய். சரி, பேசுவோம். ஏலத்துக்கு நான் வரவில்லை. அது என் தப்பு. அதை நான் சாகும் வரை வைத்திருப்பேன், நீ நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் யார் செய்தது என்று தெரியாது என்றாயே. அந்த ஏலத் தாளில் கையெழுத்துப் போட்டது யார்? ஹார்லன் பீம். வங்கி மேலாளர். நம் சபையின் மூப்பர். இருபது வருடமாக உனக்குத் திருவிருந்துத் தட்டை நீட்டிய அதே கை. அவன் முகம் உனக்குத் தெரியும். பெயர் தெரியும். வீடு தெரியும். அவனிடம் போய் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருப்பாய்.

அவன் போதவில்லை உனக்கு. நீ பார்த்தே இராத ஆட்கள் வேண்டும். கடலுக்கு அப்பால் ஒரு ரகசிய அறை வேண்டும், மேசையைச் சுற்றி ஏழு பேர் வேண்டும். அப்படி இருந்தால் நீ யாரையும் எதிர்த்து நிற்க வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். பிறகு அந்தக் கற்பனை ஏழு பேருக்காக, மாட்டுக்கு ஊசி போட்டுப் பிழைக்கிற அறுபத்தொரு வயது மனிதரின் கிளினிக்கை எரிப்பீர்கள். அவரிடம் எந்த வங்கி இருக்கிறது? அவருடைய வண்டியின் கதவைக் கயிறு போட்டுத்தான் கட்டியிருக்கிறார்.

நாலு வார்த்தை என்றாய். ட்வைலா சொன்னதை எழுதுகிறேன், சரியா என்று பார்.

"இன்னைக்கு ஒரு அட்டை வந்திருக்கு பாருங்க. வெக்ஸ்லர். அந்த ஆளுங்களைத் தேடி நியூயார்க் வரைக்கும் போகணும்னு நெனச்சோம். இல்லீங்க. நம்ம வேலிக்குப் பக்கத்துலயே இருக்காங்க." பிறகு முகவரி. பிறகு பச்சை அஞ்சல் பெட்டி. பிறகு பின்வழி. பூட்டாத கதவு. அதை மட்டும் இரண்டு தடவை வாசித்தானாம். பிறகு: "ஜெபிக்கிறவங்க ஜெபிங்க. மத்தவங்களுக்கு வழி சொல்லியாச்சு."

இதைக் குடிகாரன் சொல்லவில்லை.

ட்வைலா அன்றைக்கு என்ன செய்தாள் என்று உனக்குச் சொன்னாளா? நாலு மணிக்குப் பழைய ஆலைச் சாலைக்குப் போயிருக்கிறாள். நூடுல்ஸை ஓவனில் சுட்டு எடுத்துக்கொண்டு. அவள் எப்போதும் பன்றி இறைச்சி போடுவாள். அன்றைக்குப் போடவில்லை. யூதர்கள் அதைச் சாப்பிடுவதில்லை என்று யோசித்துச் செய்திருக்கிறாள். ஹெலனிடம், "ரேடியோல பேர் வாசிச்சாங்க, அதான் வந்தேன்" என்றிருக்கிறாள். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கம்.

அதனால் ஹெலன் என்ன நினைத்தார் தெரியுமா? முப்பது வருடம் அந்த ஊரில் இருந்தவர். பெயர் வாசித்தால் சாப்பாடு வரும் என்று அவருக்கும் தெரியும். தனக்கு அது இதுவரை நடந்ததில்லை. இப்போது நடக்கிறது என்று நினைத்துவிட்டார். இருட்டத் தொடங்கியதும் வருபவர்கள் வழுக்கி விழக் கூடாது என்று பின்பக்க விளக்கைப் போட்டு வைத்தார். படியில் உப்பு தூவினார். வண்டிச் சத்தம் கேட்டதும் அடுப்பில் காபி வைத்தார்.

டில்மன் வெளிச்சத்தில்தான் வந்தான், டெல். அவர் போட்டு வைத்த வெளிச்சத்தில்.

கடைசியாக ஒன்று. இரண்டு கோடைகளுக்கு முன் நான் வந்தபோது நீ எனக்கு உன் அறையைச் சுற்றிக் காட்டினாய். ஒரு சிவப்புப் பொத்தானைக் காட்டினாய். பேசுகிறவர் வாயிலிருந்து வார்த்தை வெளியே வந்து வானில் ஏற ஏழு விநாடி ஆகும், அதற்குள் இதை அழுத்தினால் ஊர் கேட்காது என்றாய். அவ்வளவு பெருமை உனக்கு. யாரோ ஒரு கிழவர் போனில் "எழவு" என்று சொன்னதற்கு அழுத்தினேன் என்று சொல்லிச் சிரித்தாய்.

எழவு என்ற வார்த்தைக்கு அழுத்தினாய்.

ஏழு விநாடி இருந்ததே. என்ன செய்தாய்?

லோயிஸ்

அட்டையை எழுதியது நான்தான் என்று ஷெரீஃபிடம் சொல்லிவிட்டேன். உன் நல்லெண்ணத்தை நீயே வைத்துக்கொள்.


ப்ளம் ஃபோர்க்
27 பிப்ரவரி

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ட்வைலா போய்விட்டாள். அவள் தங்கை வீட்டுக்கு, சலைனாவுக்கு. போகும்போது சண்டை போடவில்லை. சண்டை போட்டிருக்கலாம். ரேடியோவைச் சுவரிலிருந்து பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதை எடுக்கவில்லை. அங்கேயே இருக்கிறது.

இங்கே நிலைமை இது. ஒலிபரப்பான எல்லாவற்றையும் ஒரு பெரிய நாடா மெதுவாகப் பதிவு செய்துகொண்டே இருக்கும். ஒரு மாதம் வைத்திருப்போம், பிறகு அதன் மேலேயே மறுபடி பதிவோம். எட்டாம் தேதி நாடா தவறுதலாக முன்பே அழிந்துவிட்டது என்று போதகர் ஷெரீஃபிடம் சொல்லியிருக்கிறார். அதை உறுதிப்படுத்தி நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. நாலு நாளாக.

என்னிடம் அவர் கோபமாகப் பேசவில்லை. காபி வாங்கிக் கொடுத்தார். "டெல், நீயும் நானும் ஒரே படகுலப்பா. உன் அப்பா நிலத்துக்காக இந்த ஊர்ல அழுதது நான் ஒருத்தன்தான். மறந்துடாத" என்றார்.

அது உண்மை, அக்கா. அவர் அழுதார். நான் பார்த்தேன். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பொத்தானைப் பற்றிக் கேட்டாய்.

அது மேசையின் வலது ஓரத்தில் இருக்கிறது. என் விரல் அதன் மேல் இருந்தது. சத்தியமாக இருந்தது. அவர் "வேலிக்குப் பக்கத்துலயே" என்றபோது வைத்தேன். ஆனால் அழுத்தினால் ஏழு விநாடி மௌனம் போகும். பிறகு அவர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையைத்தான் நான் நினைத்தேன். ஹெலனை நினைக்கவில்லை. போதகருடைய பார்வையை நினைத்தேன். அதற்குள் போய்விட்டது.

ஏழு விநாடி நீ நினைப்பதை விட நீளமானது. நீ நினைப்பதை விடச் சிறியதும்கூட.

நாடா அழியவில்லை.

டெல்


விச்சிட்டா
3 மார்ச்

டெல்,

மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்த டாக்டர் கண் விழித்துவிட்டார். ஹெலன் கட்டுப் போட்ட கைகளோடு சக்கர நாற்காலியில் போய்ச் சொன்னார். நான் வாசலில் நின்றேன்.

அவர் முதலில் எந்தெந்த மிருகங்கள் என்று கேட்டார். ஹெலன் ஒவ்வொன்றாகச் சொன்னார். யாருடைய நாய், யாருடைய கன்று, எந்தக் கூண்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "வாசிச்சது யாரு?" என்றார். ஹெலன் சொன்னார். "எழுதிக் கொடுத்தது யாரு?" என்றார். நான் உள்ளே போய், "நான்தான் டாக்டர்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "முப்பது வருஷமா என் வீட்டுக்கு வழி தெரியாம யாரும் தொலைஞ்சு போனதில்ல. மாடு சாகக் கிடந்தா இருட்டுலயும் கண்டுபிடிச்சு வந்துடுவீங்க. எதுக்கு எழுதுன?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு நர்ஸ் வேண்டும் என்று அன்று மாலை சொல்லி அனுப்பினார். அது நியாயம். அவர் மன்னிப்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மேட்ரன் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார். நீ சொன்னது சரிதான். உனக்குச் சந்தோஷமா?

இனி நீளமாக எழுதப் போவதில்லை. நாடா அழியவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கீழே பெயரைப் போட்டிருக்கிறாய். அந்த வரியை வைத்து நான் என்ன செய்வது, சட்டம் போட்டு மாட்டவா? விசாரணை இருபதாம் தேதி. டில்மன் மேல் மட்டும்தான் இப்போது வழக்கு. க்ரோவ் பேசியது கையில் கிடைத்தால் அவனையும் சேர்ப்பேன் என்கிறார் மாவட்ட வழக்கறிஞர். கிடைக்காவிட்டால் அடுத்த புதன் அவன் வேறு முகவரி வாசிப்பான். நீ கண்ணாடிக்கு இப்பால் உட்கார்ந்திருப்பாய், விரலை வைத்துக்கொண்டு.

அவன் அழுதான் என்று எழுதினாய். அழுவான். அதுதான் அவன் தொழில். அப்பா நிலத்துக்காக அழுதது அவன் ஒருத்தன்தான் என்றால், நான் இங்கே விச்சிட்டாவில் பேருந்து நிறுத்தத்தில் அழுததை யாரும் ஒலிபரப்பவில்லை, அவ்வளவே.

நாடாவை அனுப்பு. இல்லையென்றால் இனி எழுதாதே.

லோயிஸ்


ப்ளம் ஃபோர்க்
10 மார்ச்

அக்கா,

இத்துடன் வரும் பொட்டலத்தில் நாடா இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வெயிலில் வைக்காதே. காந்தம் எதற்கும் பக்கத்தில் வைக்காதே.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து இல்லாமல். அவர் வானொலி நிலையச் சாவியைக் கேட்டார். கொடுத்தேன்.

நீ கேட்பதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நாடா வானில் போனதை மட்டும் பதிவதில்லை. ஒலிக்கட்டுப்பாட்டு மேசை வழியாகப் போகும் எல்லாவற்றையும் பதியும், என் அறை மைக்கில் விழுவதையும். நிகழ்ச்சிக்கு முன் நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடிக்கு இப்பாலும் அப்பாலும் பேசிக்கொள்வதையும்.

பதினொன்று ஐம்பத்தெட்டில் அவர் அட்டைகளைப் புரட்டுகிறார். "டெல், யாருப்பா இந்த வெக்ஸ்லர்?" என்று கேட்கிறார். அவருக்குத் தெரியாது, அக்கா. இரண்டு வருடம்தானே இந்த ஊரில் இருக்கிறார், மாடும் வைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அது வெறும் ஒரு பெயர்.

நான் சொல்கிறேன்: "மாட்டு டாக்டர். நீங்க தேடுவீங்களே போதகரே, அந்த ஆளுங்க. நம்ம ஊருக்கும் ஒண்ணு ஒதுக்கியிருக்காங்க."

பிறகு சிரிக்கிறேன்.

அவரைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். எனக்கு டாக்டர் மேல் ஒரு கோபமும் இல்லை. அந்தப் பனிப்புயல் எனக்கும் நினைவிருக்கிறது. அவருக்குச் சூடான தண்ணீர் எடுத்துக் கொடுத்தது நான்தான், பதினொரு வயதில். எனக்கு அவர் ஒன்று, வானொலியில் சொல்லும் அந்த ஆட்கள் வேறு ஒன்று. இரண்டும் ஒரே பெயரில் இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை. சொன்ன பிறகும் உறைக்கவில்லை. போதகர் வாசிக்கத் தொடங்கியபோதுதான் உறைத்தது.

அந்தப் பகுதியை வெட்டியிருக்கலாம். நாடாவை வெட்டி ஒட்டுவது எனக்குக் கைவந்த வேலை. இந்த மாவட்டத்திலேயே ஒட்டுத் தெரியாமல் ஒட்டுகிறவன் நான். வெள்ளிக்கிழமை நாடாவை மேசையில் விரித்து, இடத்தைக் கண்டுபிடித்து, வெள்ளைப் பென்சிலால் இரண்டு பக்கமும் குறி போட்டேன். பிளேடை எடுத்தேன். உள்ளங்கை நீளம்கூட இல்லை, அக்கா. நான் சொன்னதும் சிரித்ததும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

வெட்டவில்லை. குறிகள் இருக்கும், பார்.

இதனால் எதுவும் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை.

டெல்


விச்சிட்டா
16 மார்ச்

டெல்,

நாடாவை மாவட்ட வழக்கறிஞர் அலுவலகத்தில் போட்டுக் கேட்டோம். அவர், தட்டச்சுப் பெண், நான். உன் குறிகளைப் பார்த்தேன்.

சிரிப்பையும் கேட்டேன். வீட்டில் நீ சிரிக்கும் சிரிப்புதான். உன் பற்களின் இடைவெளிகூடக் கேட்டது. தட்டச்சுப் பெண் அதற்கு என்ன எழுதுவது என்று கேட்டாள். "சிரிக்கிறான்னு எழுதும்மா" என்றார் வழக்கறிஞர். "யாரு சிரிக்கிறதுன்னு போடணுமே" என்றாள். நான்தான் உன் முழுப் பெயரையும் சொன்னேன். எழுத்து எழுத்தாக.

பிறகு அந்த இடம். "வேலிக்குப் பக்கத்துலயே." அங்கிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஏழு விநாடியில் பாதிக்கு மேல் அவன் மூச்சு வாங்குவதுதான் இருக்கிறது. பின்னால் உன் அறையில் ஒரு சத்தம். நாற்காலி கிரீச்சிடுகிறது. மறுபடி போடச் சொன்னேன். மூன்றாவது தடவையும் போடச் சொன்னேன்.

அது அப்பாவின் சுழல் நாற்காலி. ஏலத்தில் யாரும் எடுக்காததால் நீ வானொலி நிலையத்துக்குக் கொண்டு போனாய். அது முன்னால் குனிந்தால் சத்தம் போடாது. பின்னால் சாய்ந்தால்தான் போடும். நம் வீட்டில் பன்னிரண்டு வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

உன் விரல் பொத்தானில் இல்லை, டெல். நீ சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய்.

ஒருவேளை உனக்கே இப்போது விரல் வைத்ததாக நினைவு இருக்கலாம். நினைவு அப்படித்தான் ஒட்டுத் தெரியாமல் ஒட்டும். இருபதாம் தேதி நீ சாட்சிக் கூண்டில் ஏறுவாய். க்ரோவையும் வழக்கில் சேர்த்துவிட்டார்கள், அவன் வக்கீல் உன்னிடம் பொத்தானைப் பற்றிக் கேட்பார். விரல் வைத்தேன் என்று சொல்லாதே. சாய்ந்திருந்தேன் என்று சொல். உன்னிடமிருந்து நான் கேட்பது அது ஒன்றுதான். உண்மையில் பாதியைச் சொல்லும் ஆட்களால்தான் அந்தக் கதவு வரை டில்மன் போனான். ட்வைலா பாதி சொன்னாள். நீ பாதி எழுதினாய். நான் மட்டும் எல்லாவற்றையும் எழுதினேன், கதவு பூட்டாதது உட்பட.

நானும் ஏறுகிறேன். உனக்கு முன்னால். அட்டையில் என்ன எழுதினேன் என்று வார்த்தைக்கு வார்த்தை சொல்வேன். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்துவிட்டது, வேலை போய்விட்டது. அதைச் சொல்வது உன்னைக் கரைப்பதற்காக இல்லை.

உன்னை நான் மன்னிக்கவில்லை. என்றைக்காவது மன்னிப்பேனா என்றும் தெரியாது. நீதிமன்றத்தில் என் பக்கத்தில் உட்கார வராதே. ஹெலன் உட்காருவார். அவர் பக்கத்தில் உட்காருகிற தகுதி எனக்கும் இல்லை, ஆனால் அவர்தான் கேட்டார். தாளைப் புரட்ட அவருக்கு ஒரு ஆள் வேண்டும்.

இன்னொன்று. போன வாரம் ஹெலன் என்னைத் தன் வீட்டுக்கு அனுப்பினார், மாற்றுத் துணி எடுத்து வர. கிளினிக் இல்லை. வீடு நிற்கிறது. புகை நாற்றம். சமையலறை மேசையில் ட்வைலாவின் கண்ணாடிப் பாத்திரம் அப்படியே இருந்தது. அடியில் ஒட்டு நாடாவில் அவள் பெயர், நம் ஊரில் எல்லோரும் ஒட்டுவது போல. நூடுல்ஸில் ஒரு கரண்டி மட்டும் எடுத்திருந்தது. பக்கத்தில் மூன்று காலித் தட்டுகள் துடைத்து அடுக்கியிருந்தன. இன்னும் வரப்போகும் பாத்திரங்களிலிருந்து சாப்பாட்டை மாற்றி வைக்க.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் ஹெலன் முதலில் கேட்டது துணியை இல்லை. "அந்தப் பொண்ணோட பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கணும். யாராவது கழுவி வைங்க. என் கை இப்படி இருக்கு" என்றார்.

கழுவிவிட்டேன். ஓரத்தில் கருகியது போக ஒரு மணி நேரம் தேய்த்தேன். பெயர் ஒட்டியிருந்த நாடாவை நனையாமல் பார்த்துக்கொண்டேன்.

இருபதாம் தேதி அதை நீதிமன்றத்துக்குக் கொண்டு வருகிறேன். ட்வைலா வருவாள், அவளிடம் கொடுப்பேன். நீ அந்தப் பக்கமாகக் கடந்து போகும்போது அதை வாங்கக் கையை நீட்டாதே.

லோயிஸ்